சிறுநீரகம் சோர்ந்தால் காவலும் சோரும்

சிறுநீரகம் பழுதுபட்ட ஒருவரின் உயிருக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? யாரிடம் கேட்டாலும், "சிறுநீர் பிரியாமல் உடம்பு வீங்கி, இரத்தத்தில் நஞ்சு ஏறி..." என்றுதான் விடை வரும். டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பு முறை வருவதற்கு முன்பு அந்த விடை சரியே. இன்றோ தேங்கும் நஞ்சையும் நீரையும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இயந்திரம் வடித்துவிடுகிறது. அவ்வாறு சிகிச்சை பெற்றுவருவோரின் இறப்புக் காரணங்களை மருத்துவ உலகம் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறது. முதலிடத்தில் நிற்பவை இதய நோய்கள். அதற்கு அடுத்து நிற்பது எது தெரியுமா? நோய்க்கிருமித் தொற்று!

இது வியப்பாக இல்லையா? கிருமிகளை எதிர்த்துப் போரிடுபவை வெள்ளணுக்கள். அவை எலும்பு மச்சையில் பிறந்து, நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் தங்கி, இரத்தத்தோடு சுற்றி வருபவை. சிறுநீரகமோ வெறும் வடிகட்டி. வீட்டு வடிகால் அடைத்துக்கொண்டால் வாசற் காவற்காரனுக்கு என்ன வந்தது?

வருகிறது. எப்படி வருகிறது என்பதையும், அதை அறிந்துகொண்டால் நம் வீட்டு நோயாளியை எவ்வாறு காக்கலாம் என்பதையும் சற்று விரிவாகக் காண்போம்.

சாக்கடை நீரில் நிற்கும் காவலர்கள்

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண் வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் வடிக்கும் நீர் ஏறக்குறைய 180 லிட்டர். நம் உடம்பில் உள்ள இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா 3 லிட்டர்தான். ஆகவே ஒரே நீரை நாளொன்றுக்கு 60 முறை சலித்தெடுக்கிறது சிறுநீரகம். சலித்ததில் பெரும்பகுதியை மீண்டும் இரத்தத்துக்கே திருப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேற்றுகிறது. சர்க்கரை நோயாலோ, இரத்த அழுத்தத்தாலோ, வேறு காரணங்களாலோ இந்த வடிகட்டிகள் ஒவ்வொன்றாக அழிந்து வரும்போது யூரியா முதலிய கழிவுகள் இரத்தத்தில் தேங்குகின்றன. யூரியாவும் கிரியேட்டினினும் நாம் அளந்து பார்க்கும் அடையாளங்கள் மட்டுமே. இவற்றுடன் தேங்கும் வேறு கழிவுப் பொருள்கள் எத்தனையோ.

இந்தக் கழிவு நீரில்தான் வெள்ளணுக்கள் இரவும் பகலும் நீந்த வேண்டியிருக்கிறது. அவற்றுள் நியூட்ரோபில் என்பவை முன்னணிப் படையினர். கிருமி நுழைந்த இடத்தை மோப்பம் பிடித்து ஓடுவதும், அதைச் சூழ்ந்து விழுங்குவதும், விழுங்கியதைத் தம் வயிற்றுக்குள்ளேயே வேதிப்பொருள்களால் கொல்லுவதும் அவற்றின் வேலை. சிறுநீரகச் செயலிழப்பில் இந்த மூன்றுமே மந்தப்பட்டுவிடுகின்றன. ஓட்டம் தளர்கிறது, விழுங்கும் பசி குறைகிறது, விழுங்கிய கிருமியைக் கொல்லும் வேகமும் குறைகிறது.

இங்கே ஒரு ஏமாற்றம் இருக்கிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். "எண்ணிக்கை நன்றாகத்தானே இருக்கிறது?" என்று நாம் நிம்மதியடைவோம். காவல் நிலையத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்று சொல்வது போன்றது அது. உள்ளே அவர்கள் தூங்குகிறார்களா, விழித்திருக்கிறார்களா என்பதைப் பதிவேடு சொல்லாது!

எதிர்ப்பொருள்களை உண்டாக்கத் தூண்டும் லிம்போசைட்டு என்னும் அணுக்களின் கதையும் இதுவே. இதற்கு நல்ல சான்று தடுப்பூசி. கல்லீரல் அழற்சி பி நோய்க்கான தடுப்பூசியை நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களுக்குப் போட்டால் 100க்கு 90 பேருக்கு மேல் போதிய எதிர்ப்பொருள் உண்டாகிறது. அதே ஊசியை டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் போட்டால், பாதிப் பேருக்குச் சற்று மேலே தொடங்கி முக்கால் பங்குக்குள் நின்றுவிடுகிறது. உண்டான எதிர்ப்பொருளும் விரைவிலேயே தேய்ந்து போகிறது.

அடிக்காத மணி

கிருமி நுழைந்தால் உடம்பு காய்ச்சல் என்னும் மணியை அடித்து நம்மை எழுப்புகிறது. பாட்டி நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பதும், மருத்துவர் வெப்பமானியை நாவின் கீழ் வைப்பதும் இந்த மணியைக் கேட்கத்தான். சிறுநீரக நோயாளியிடம் பல சமயங்களில் இந்த மணி மெல்லத்தான் அடிக்கிறது, சிலரிடம் அடிப்பதேயில்லை.

யூரியா முதலியன மிகுந்துள்ளவர்களின் இயல்பான உடல் வெப்பமே பிறரைவிடச் சற்றுக் குறைவு. 97 டிகிரி பாரன்ஹீட்டில் இருப்பவருக்கு 99 என்பது நல்ல காய்ச்சல். ஆனால் 98.4 என்ற எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் நாம், "உடம்பு லேசாகச் சுடுகிறது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுகிறோம். அதிலும் நோயாளி முதியவராகவும் சர்க்கரை நோயுள்ளவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நேற்றுவரை செய்தித்தாள் படித்தவர் இன்று பேச்சுக்கு மறுமொழி சொல்லாமல் படுத்திருப்பார். காபி வேண்டாம் என்பார். டயாலிசிஸ் நடக்கும்போது வழக்கத்துக்கு மாறாக இரத்த அழுத்தம் இறங்கிப் போகும். இவையே அவரிடத்தில் காய்ச்சலுக்கு ஈடான அடையாளங்கள். கூட இருப்பவர்கள்தாம் இதை முதலில் காண முடியும். மருத்துவர் அவரை வாரத்தில் சில மணி நேரமே பார்க்கிறார்.

காசநோயைக் கண்டறியத் தோலில் போடும் மாண்டோ சோதனையும் இவர்களிடம் பொய்த்துவிடுவது உண்டு. உடம்பினுள் காசநோய்க் கிருமி இருந்தும், தோல் தடிக்காமல் வெறுமனே இருந்துவிடும். மேலும் இவர்களுக்கு வரும் காசநோய் நுரையீரலை விட்டுவிட்டு நிணநீர்க் கணுவிலோ, வயிற்று உறையிலோ, நுரையீரல் உறையிலோ ஒளிந்துகொள்வது அதிகம். இருமலும் சளியும் இல்லாமல், பசியின்மையும் எடைக் குறைவும் மட்டும் இருந்தால் அதைச் சிறுநீரக நோயின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். கண்டுபிடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

ஒழுகும் வடிகட்டி

வடிகட்டி அடைத்துப் போவது ஒரு வகைப் பழுது என்றால், அதில் ஓட்டை விழுவது மற்றொரு வகை. நெப்ராட்டிக் சிண்ட்ரோம் என்னும் நோய் இத்தகையது; சிறு குழந்தைகளிடம் இதை அதிகம் காணலாம். காலையில் எழும்போது குழந்தையின் கண் இமைகள் உப்பியிருக்கும். முகமும் காலும் வீங்கும். சிறுநீர் நுரைத்துப் போகும். இரத்தத்தில் இருக்கவேண்டிய புரதம் சிறுநீரோடு ஒழுகுவதே காரணம்.

அப்படி ஒழுகும் புரதத்தில் எதிர்ப்பொருள்களும் அடங்கும் என்பதைக் கவனியுங்கள். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் என்ற கிருமி வழவழப்பான உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கும். எதிர்ப்பொருள் அதன்மேல் ஒட்டிப் பிடிமானம் தந்தால்தான் வெள்ளணுவால் அதை விழுங்க முடியும். எதிர்ப்பொருளே சிறுநீரில் போய்விட்டால்? வீங்கிய வயிற்றில் தேங்கி நிற்கும் நீரில் அந்தக் கிருமி தங்குதடையின்றிப் பெருகுகிறது. நெப்ராட்டிக் குழந்தைக்குக் கடுமையான வயிற்று வலி வந்தால், ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் நேரம் அன்று அது. அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வருவதற்கு முன்பு இந்தக் குழந்தைகளில் மிகப் பலர் இறந்தது சிறுநீரகம் செயலற்றுப் போனதால் அன்று. இத்தகைய கிருமித் தொற்றுகளால்தான்.

இந்த நோய்க்குத் தரும் பிரட்னிசலோன் முதலிய ஸ்டீராய்டு மருந்துகள் ஒழுகலை அருமையாக நிறுத்துகின்றன. ஆயின் அவையும் எதிர்ப்புச் சக்தியை அடக்குபவையே. இம்மருந்தை உட்கொள்ளும் குழந்தைக்குச் சின்னம்மை வந்தால் அது எல்லாக் குழந்தைகளுக்கும் வருவது போல் எளிதாக வந்து போகாது. நுரையீரலையும் கல்லீரலையும் தாக்கி உயிருக்கே தீங்கு செய்யலாம். நம் ஊர்களில் அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டுவார்கள், மருத்துவரிடம் போகமாட்டார்கள். வேப்பிலையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பக்கத்து வீட்டிலோ பள்ளியிலோ அம்மை வந்து, ஸ்டீராய்டு உண்ணும் குழந்தை அங்கே விளையாடி வந்தது தெரிந்தால், கொப்புளம் தோன்றும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தச் சில நாட்களுக்குள் தந்தால் பயன் தரும் தற்காப்பு மருந்துகள் இருக்கின்றன.

கதவைத் திறந்தது யார்?

இதுவரை கூறியவை நோய் செய்யும் தீங்குகள். இனிச் சிகிச்சையே கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும் விந்தையைப் பார்ப்போம். இரத்தத்தைச் சுத்தப்படுத்த வேண்டுமானால் அதை வெளியே எடுக்க வேண்டும். எடுக்க ஒரு வழி வேண்டும். அந்த வழியைக் கண்டுபிடித்த கதை, இயந்திரத்தைக் கண்டுபிடித்த கதைக்குச் சற்றும் குறைந்ததன்று.

1943ஆம் ஆண்டு. ஹாலந்து நாடு ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. காம்பன் என்ற சிறு நகரத்தில் வில்லெம் கால்ஃப் என்ற இளம் மருத்துவர், இறைச்சித் துண்டம் அடைக்கப் பயன்படும் செல்லோபேன் குழலை மர உருளையில் சுற்றி, உப்பு நீர்த் தொட்டியில் சுழலவிட்டுச் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றைச் செய்தார். இயந்திரம் வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் நோயாளியின் இரத்தக் குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. உடம்பில் அப்படி வெட்டத்தக்க இடங்கள் எத்தனை இருக்க முடியும்? சில முறைகளோடு வழி அடைத்துவிடும். ஆகவே சிறுநீரகம் தற்காலிகமாக நின்றுபோய், பிறகு தானே மீளக்கூடியவர்களுக்கு மட்டுமே அம்முறை பயன்பட்டது. 1945இல் அவர் காப்பாற்றிய முதல் நோயாளியான 67 வயது மூதாட்டி அத்தகையவரே.

1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் ஒரு வழி கண்டார். கையில் உள்ள தமனியில் ஒரு டெப்ளான் குழலையும் சிரையில் ஒரு குழலையும் நிலையாகச் செருகி, சிகிச்சை இல்லாத நேரத்தில் இரண்டையும் தோலுக்கு வெளியே இணைத்துவிட்டார். அவருடைய முதல் நோயாளி கிளைடு ஷீல்ட்ஸ் அதற்குப்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். நிரந்தரமாகச் சிறுநீரகம் இழந்தவரும் வாழலாம் என்பது அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது. எனினும் தோலைத் துளைத்து வெளியே நிற்கும் குழல் எதுவானாலும் கிருமிக்கு அது ஏணிதான். குழல் நுழையும் இடத்தில் சீழ் பிடிப்பதும், குழலுக்குள் இரத்தம் உறைவதும் அடிக்கடி நேர்ந்தன.

1966இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருந்த மருத்துவர்கள் பிரெஸ்கியா, சிமினோ, அப்பெல் ஆகியோர் வெளியிட்ட முறை எளிமையின் உச்சம் எனலாம். வெளிக்குழலே வேண்டாம், மணிக்கட்டருகில் உள்ள தமனியைப் பக்கத்துச் சிரையோடு உள்ளேயே தைத்துவிடுவோம் என்றார்கள். தமனியின் வேகமான இரத்தம் சிரைக்குள் பாய, சிரை சில வாரங்களில் பருத்துச் சுவர் தடித்து, ஊசி குத்தத் தகுந்த குழாயாகிவிடும். மேலே முழுவதும் சொந்தத் தோல்! இதுவே பிஸ்டுலா. முதிர்ந்த பிஸ்டுலாவின்மேல் விரலை வைத்துப் பாருங்கள். ஓடும் பம்புசெட்டின் குழாயைத் தொட்டது போன்ற அதிர்வு தெரியும்.

அரை நூற்றாண்டுக்குமேல் கடந்தும் இதனினும் நல்ல வழி கிடைக்கவில்லை. ஆனால் நம் நாட்டில் டயாலிசிஸ் தொடங்கும் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு முதல் நாளில் பிஸ்டுலா இருப்பதில்லை. மூச்சுத் திணறலோடு இரவில் வந்து சேருகிறார்கள். உயிரைக் காக்கக் கழுத்துச் சிரையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி உடனே இயந்திரத்தோடு இணைக்கிறார்கள். அந்த இரவில் அதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு என்று போட்ட குழாய் மாதக்கணக்கில் நிற்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

குளத்துப் படிக்கட்டில் வழுக்குப் பாசி படிவதைப் பார்த்திருப்பீர்கள். கிருமிகளும் இவ்வாறே குழாயின் உட்சுவரில் ஒட்டி, பசை போன்ற ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் குடியிருக்கின்றன. மருந்து இரத்தத்தில் எவ்வளவு ஏறினாலும் படலத்துக்குள் இருக்கும் கிருமியை எட்டுவது கடினம். டயாலிசிஸ் தொடங்கிக் குழாய் வழியே இரத்தம் விரைந்து பாயும்போது கிருமிகள் உதிர்ந்து இரத்தத்தோடு கலக்கின்றன. இயந்திரத்தில் இணைத்த அரை மணிக்குள் பல் கிட்டும்படி குளிர் நடுக்கம் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. "ஏ.சி. அதிகம்" என்று போர்வை கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்கிறவர்கள் உண்டு. போர்வை தரட்டும், முதலில் இரத்த மாதிரி எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பட்டும்.

இந்தத் தொற்றுகளில் மிகக் கொடியது ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ். நம்மில் மூன்றில் ஒரு பங்கினரின் மூக்குத் துளையில் சாதுவாக வாழும் கிருமிதான் இது. இரத்தத்தில் இறங்கிவிட்டால் இதய வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும். முதுகெலும்பில் சீழ் வைக்கும். கழுத்துக் குழாயுள்ள ஒருவருக்குப் புதிதாக விடாத முதுகுவலி வந்தால், அதைத் தைலம் தேய்த்து ஆற்றக்கூடிய வலியாக எண்ணிவிடக் கூடாது. குழாயை இணைக்கும்போதும் கழற்றும்போதும் செவிலியரும் நோயாளியும் இருவருமே முகக்கவசம் அணிவது இந்த மூக்குக் கிருமியைக் கருதித்தான்.

குழாய் இருக்கும்வரை அந்தக் கட்டு நனையக்கூடாது. தலைக்குக் குளிப்பதும் எண்ணெய் தேய்த்து முழுகுவதும் நிறுத்திவைக்கப்பட வேண்டியவை. உடம்பைக் கழுத்துக்குக் கீழே துடைத்துக்கொள்ளலாம். காய்ச்சல் மருந்தோ குளுக்கோஸோ ஏற்ற அந்தக் குழாயையே பயன்படுத்த யாரேனும் முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அது டயாலிசிஸ் ஒன்றுக்கே உரியது.

கழுத்துக் குழாயின் காலத்தைச் சுருக்க ஒரே வழி, பிஸ்டுலாவை முன்கூட்டியே போட்டு வைப்பது. அது முதிர ஆறு வாரம் முதல் மூன்று மாதம் ஆகலாம். எனவே "டயாலிசிஸ் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பது பொருந்தாது. சிறுநீரகம் இன்னும் ஓரளவு இயங்கிக்கொண்டிருக்கும்போதே மருத்துவர் "கையில் ஒரு சிறிய அறுவை செய்துகொள்ளுங்கள்" என்று சொன்னால், நோயாளிகள் அதைத் தண்டனை விதித்ததுபோல் எண்ணி ஊர் திரும்பிவிடுகிறார்கள். நன்றாக நடமாடும்போது கையை ஏன் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்பது மனித இயல்புதான். ஆனால் அந்த மூன்று மாதத்தைத்தான் பின்னால் கழுத்துக் குழாயோடு கழிக்க நேரிடுகிறது.

இன்னொன்று. பேச்சு வழக்கில் நாம் "நரம்பில் ஊசி போட்டார்கள்" என்போம். உண்மையில் அது நரம்பில்லை, சிரை. அந்தச் சிரைதான் நாளைய பிஸ்டுலா. சிறுநீரக நோய் இருப்பது தெரிந்த நாள் முதல், எழுதாத கையின் முன்கைச் சிரையில் எவரையும் ஊசி குத்தவோ குளுக்கோஸ் ஏற்றவோ விடாதீர்கள். இரத்தம் எடுக்க வேண்டுமானால் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். பிஸ்டுலா போட்டபின் அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதும் இறுக்கமான வளையல் அணிவதும் ஆகாது. ஊசி குத்துவதற்கு முன் கையைச் சோப்பிட்டு நன்கு கழுவிக்கொண்டால், பிஸ்டுலாவில் எஞ்சியுள்ள சிறு ஆபத்தும் பெருமளவு குறையும்.

கலங்கிய பை

இயந்திரமின்றி வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் ஒன்றும் உண்டு. வயிற்றின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய உறையையே வடிகட்டியாகக் கொண்டு, வயிற்றில் பதித்த குழாய் வழியே மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி கழித்து வடிப்பது. 1970களின் பிற்பகுதியில் இது பரவத் தொடங்கியபோது வயிற்று உறை அழற்சி இம்முறைக்கே உலை வைத்துவிடும் போலிருந்தது. ஒவ்வொரு நாளும் நான்கு முறை பையை மாற்றும்போது இணைப்பு முனையில் விரல் பட்டாலும் போதும், கிருமி உள்ளே போய்விடும்.

அதற்குக் கண்ட தீர்வு மிக எளியது. மழைக் காலத்தில் கூரைத் தண்ணீர் பிடிப்பவர்கள் முதலில் விழும் நீரை விட்டுவிட்டுப் பிறகுதான் குடத்தை வைப்பார்கள். தூசும் குப்பையும் முதல் நீரோடு போய்விடும் அன்றோ? இத்தாலிய மருத்துவர்கள் 1980களில் பரப்பிய கவைக் குழாயும் இதையே செய்கிறது. புதுப் பையை இணைத்தவுடன் அதிலிருந்து சிறிது நீரை வயிற்றுக்குள் விடாமல், காலிப் பை இருக்கும் பக்கமாக ஓடவிட்டு இணைப்பைக் கழுவுகிறார்கள். வயிற்றிலுள்ள பழைய நீரையும் அப்படியே வடித்துவிட்டுப் பிறகே புதிய நீரை உள்ளே விடுகிறார்கள். தொட்ட கிருமி வயிற்றுக்குப் போகாமல் குப்பைக்குப் போகிறது! இந்த ஒரு மாற்றத்தால் அழற்சி வெகுவாகக் குறைந்தது.

இம்முறையைக் கையாளும் வீட்டில் ஒரே ஒரு சோதனை போதும். வடித்த பையைச் செய்தித்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெரிந்தால் நல்லது. நீர் கலங்கி எழுத்து மறைந்தால், வயிற்று வலி இல்லாவிட்டாலும், அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரத்தத்தோடு வந்த காமாலை

1960களில் டயாலிசிஸ் கூடங்கள் பெருகியபோது கூடவே மஞ்சள் காமாலையும் பெருகியது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1969-70இல் பரவிய கல்லீரல் அழற்சி, நோயாளிகளோடு அவர்களுக்குச் சிகிச்சை செய்தவர்களிலும் சிலரைக் கொன்றது. கல்லீரல் அழற்சி பி வைரஸ் உலர்ந்த இரத்தக் கறையில்கூட ஒரு வாரம் உயிர்த்திருக்க வல்லது. கண்ணுக்குத் தெரியாத சிறு தெறிப்பு இயந்திரத்தின் விசையில் பட்டு, அங்கிருந்து கையுறைக்கும், அங்கிருந்து அடுத்த நோயாளிக்கும் போகும். இதனால்தான் இந்த வைரஸ் உள்ளவர்களுக்குத் தனி இயந்திரமும் தனி இடமும் ஒதுக்குகிறார்கள். அதைத் தீண்டாமை என்று எண்ணி வருந்துவோர் உண்டு. தொட்டால் ஒட்டும் நோயன்று இது. இரத்தத் துளியைப் பற்றிய எச்சரிக்கை மட்டுமே.

1980களில் தடுப்பூசி வந்தது. சிறுநீரக நோயாளிக்கு அதை இரட்டிப்பு அளவில், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் நான்கு தவணையாகப் போடுகிறார்கள். போட்டதோடு விட்டுவிடாமல், ஓரிரு மாதம் கழித்து எதிர்ப்பொருளை அளந்து பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் அளக்க வேண்டும். குறைந்திருந்தால் மீண்டும் ஒரு ஊசி. சிறுநீரகம் முற்றிலும் கெடுவதற்கு முன்பே போட்டால் எதிர்ப்பொருள் நன்கு உண்டாகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நியூமோகாக்கஸ் தடுப்பூசியும் ஆண்டுதோறும் போடும் இன்புளுயென்சா ஊசியும் இவர்களுக்கு வேண்டியவையே.

புதிய சிறுநீரகம், பழைய காசநோய்

நம் நாட்டில் மாற்றுச் சிறுநீரக அறுவை 1971இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வெற்றி கண்டது. பிறர் தந்த சிறுநீரகத்தை உடம்பு அயலானாகக் கருதித் தாக்காதிருக்க, எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைக்க வேண்டும். அடக்கினால் கிருமிக்கும் எளிதாகிறது. முதல் மாதத்தில் அறுவைப் புண்ணும் மருத்துவமனைக் கிருமிகளும். அதற்குப்பின் ஆறாம் மாதம்வரை, நலமுள்ளவர்களைத் தீண்டாத வைரசுகளும் பூசணங்களும். மேலைநாட்டு நூல்கள் இவற்றையே பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நமக்கு இவற்றோடு காசநோயும் சேர்ந்துகொள்கிறது. வேலூர் மருத்துவர்களே 2001இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களில் ஏறக்குறைய 100க்கு 13 பேருக்குப் பின்னாளில் காசநோய் கண்டதாகத் தெரிகிறது. பெரும்பாலும் இது புதிதாகத் தொற்றியதன்று. சிறுவயதிலேயே நுரையீரலில் புகுந்து உறங்கிக்கிடந்த கிருமி, காவல் தளர்ந்ததும் கண் விழிக்கிறது.

சிகிச்சையிலும் ஒரு சிக்கல். காசநோய்க்குத் தலையாய மருந்துகளுள் ஒன்றான ரிபாம்பிசின், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமசும் இதனால் விரைந்து அழிகின்றன. காசநோயை ஆற்றப்போய்ச் சிறுநீரகத்தை இழக்கும் நிலை! ஆகவே அவற்றின் அளவைப் பல மடங்கு கூட்டி இரத்தத்தில் அடிக்கடி அளந்து பார்க்கிறார்கள், அல்லது வேறு மருந்துக்கு மாறுகிறார்கள். காசநோய் மாத்திரையை வேறோர் இடத்தில் பெற்றுக்கொள்பவர், சிறுநீரக மருத்துவருக்குத் தெரிவிக்காமல் ஒரு வாரம் உண்டாலும் தீங்கு நேரலாம்.

மருந்தின் அளவு

கடைசியாக, கிருமியைக் கொல்லும் மருந்தைப் பற்றி. மருந்துகளில் பல சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகின்றன. ஜென்டாமைசின் என்ற ஊசி மருந்தை எடுத்துக்கொள்வோம். நலமுள்ளவர் உடம்பில் அதன் அளவு பாதியாக இரண்டு மூன்று மணி நேரம் போதும். சிறுநீரகம் அறவே நின்றவரிடம் அதற்கு இரண்டு நாள் ஆகிறது. எட்டு மணிக்கு ஒரு ஊசி என்ற பழைய கணக்கில் போட்டால் மருந்து குவிந்து, மீந்திருக்கும் சிறுநீரகத்தையும் காதின் உள்நரம்பையும் கெடுக்கிறது. தலைசுற்றலும் செவிட்டுத்தன்மையும் நிலைத்துவிடலாம். காசநோய்க்குத் தரும் எத்தாம்பியூட்டால் இவ்வாறே குவிந்தால் கண் பார்வையைத் தாக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமற்போவது அதன் முதல் அறிகுறி.

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் மருந்துக் கடையில் தாமே வாங்கிக்கொள்ளும் டைக்ளோபினாக், இபுபுரோபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையே குறைப்பவை. பாராசிட்டமால் அத்தகையதன்று, மருத்துவர் சொன்ன அளவில் அதை உட்கொள்ளலாம். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், வாயைத் திறப்பதற்கு முன் சொல்ல வேண்டியவை இரண்டு: கடைசியாக எடுத்த கிரியேட்டினின் அளவு, வாரத்தில் எந்தெந்த நாள் டயாலிசிஸ் என்பது. சில மருந்துகளை டயாலிசிசே இரத்தத்திலிருந்து கழுவி எடுத்துவிடுவதால், அவற்றை அந்த நாட்களில் சிகிச்சை முடிந்த பின்னரே தருகிறார்கள்.